குறுக்கெழுத்துக் கட்டத்தை ஒற்றைக் கண்ணால் பாருங்கள்

பத்திராதிபர் அவர்கட்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்துப் போட்டியை நான் நிரப்புவதில்லை. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை, சொல்லும் வராது. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பக்கத்தை எடுத்து, வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலில் இடக்கண்ணைப் பொத்திப் பார்ப்பேன், பிறகு வலக்கண்ணைப் பொத்திப் பார்ப்பேன். கோடுகள் நேராக நிற்கின்றனவா, ஏதாவது ஒரு கட்டம் நெளிகிறதா, நடுவில் ஒன்று காணாமல் போயிருக்கிறதா என்று. என் இடக்கண்ணின் விழித்திரை நடுவில் ஓட்டை விழுந்ததால் வந்த பழக்கம் இது. அந்தக் கதையை எழுதி, முடிவில் உங்களிடம் ஒரு சின்ன உதவி கேட்கப்போகிறேன். கடிதம் நீளம்தான். வெட்டுவதானால் என் கதையை வெட்டுங்கள், இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நாட்கணக்கில் குப்புற இருக்கவேண்டியவர்களுக்கான தலையணையின் அளவை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் திருகோணமலையில் வீட்டோடு தையல் தைக்கிறவள். வயது 64. பிளவுஸ், பள்ளிக்கூடச் சட்டை, சாரம் மூட்டுவது, சீலைக்குக் கரை அடிப்பது என்று 40 வருடமாக இதே கதிரை, இதே வேலை. ஊசியில் நூல் கோர்க்கும்போது நான் இடக்கண்ணை மூடுவேன். யாரும் சொல்லித் தந்ததில்லை, கை பழகின மாதிரிக் கண்ணும் பழகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் என்னை ஐந்தாறு மாதம் ஏமாற்றியது. பழுதானது இடக்கண், நான் வேலை செய்தது வலக்கண்ணால். இரண்டையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதின் குறையை மூடிவிடும். நோவும் இல்லை, சிவப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. பிறகு எப்படித் தெரியும்?

2023 தீபாவளி ஓடர்கள் குவிந்து கிடந்த நேரம் பொழுதுபட்டால் தலை கனக்கும். வாசலில் நிற்கிறவரின் முகம் ஒரு கணம் கசங்கின மாதிரி இருக்கும். வயது போகிறது என்று நினைத்தேன். அந்த டிசம்பரில் எங்கள் பக்கத்தில் ஒரு கண் பரிசோதனை முகாம் வைத்தார்கள். ஒரு தம்பி என் இடக்கண்ணைப் பொத்தி எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார். கடைசிக்கு முந்தின வரி வரை வாசித்தேன். பிறகு வலக்கண்ணைப் பொத்தினார். உண்மையைச் சொல்கிறேன்: அதே பலகை, அதே எழுத்துகள். தெரிந்ததைக் கொஞ்சமும் நினைவில் நின்றதைக் கொஞ்சமும் சேர்த்து, வாய்ப்பாடு சொல்கிற பிள்ளை மாதிரி ஒப்புவித்துவிட்டேன். "கற்றரக் (கண்புரை) தொடங்குது அம்மா. பழுக்கட்டும், பிறகு வெட்டலாம்" என்று சொல்லிப் புதுக் கண்ணாடிக்கு எழுதித் தந்தார். அவர் பலகையை மாற்றவில்லை, நான் கள்ளம் செய்ததைச் சொல்லவில்லை. பிழை இரண்டு பக்கமும். கண்ணாடிக்குப் போன காசு மட்டும் என் பக்கம்.

அடுத்த சித்திரைப் புத்தாண்டுக்குக் கிட்ட என் வலக்கண் இமையில் கட்டி வந்து வீங்கி மூடிவிட்டது. ஒரு சட்டைக்குத் தெறி தைக்கவேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் இடக்கண்ணால் ஊசியைப் பிடித்துப் பார்த்தேன். ஊசி தெரிந்தது, நுனி தெரிந்தது, பிடித்திருந்த விரல் தெரிந்தது. காது இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. கறுப்பாக மறைத்திருந்தால்கூடப் பயந்திருப்பேன், அப்படியும் இல்லை. அந்த இடத்தை யாரோ உள்ளுக்குள் கிள்ளிப் பிடித்துக்கொண்ட மாதிரி ஊசியின் மேல்பக்கம் சுருங்கி நின்றது. காதைப் பார்த்தால் காது மறைந்தது. நுனியைப் பார்த்தால் காது ஓரத்தில் வந்து நின்றது. இது என்ன விளையாட்டு என்று, தைக்க வைத்திருந்த கட்டம் போட்ட சாரத் துணியை எடுத்து விரித்தேன். கட்டங்கள் எல்லாம் நடுவைப் பார்த்து வளைந்து போயின. துணியின் பிழையோ என்று திருப்பிப் போட்டும் பார்த்தேன். கடைசியில் பேத்தியைக் கூப்பிட்டேன். அவள் சாதாரண தரம் படிக்கிறாள். விஞ்ஞானப் புத்தகத்தில் கண் படத்தை எடுத்துக் காட்டி, "அம்மம்மா, நாங்கள் உத்துப் பார்க்கிறதெல்லாம் விழித்திரையின் நடுவில இருக்கிற இந்த மஞ்சட்பொட்டாலதான். உங்களுக்கு அதிலதான் ஏதோ" என்றாள். வைத்தியருக்கு முதலே சரியாகச் சொன்னவள் அவள்தான்.

அடுத்த கிழமை இங்கேயே வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்குப் போனேன். கண்மணி விரிய மருந்து விட்டு, நாடியை வைக்கிற அந்தக் கருவிக்கு முன்னால் இருத்தி, நூல் போல மெல்லிய ஒரு வெளிச்சக் கோட்டைக் கண்ணுக்குள் விட்டார் வைத்தியர். "கோடு முழுசா இருக்கா, நடுவில உடைஞ்சிருக்கா?" என்று கேட்டார். உடைந்திருந்தது. தையல் நடுவில் நூல் அறுந்தமாதிரி, மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், நடுவில் வெளி. "உங்களுக்குக் கற்றரக் கொஞ்சம் இருக்கு, ஆனா பிரச்சினை அதில்லை. விழித்திரையின் நடுவில ஓட்டை" என்றார். பிறகு ஓ.சீ.ரீ. என்கிற ஸ்கான் எடுத்தோம். ஊசியும் இல்லை, நோவும் இல்லை, ஒரு பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் வேலை. அந்தப் படத்தில் விழித்திரை அடுக்கடுக்காகத் தெரியும். நல்ல கண்ணில் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். என் இடக்கண்ணில் அந்தப் பள்ளம் அடிவரை பிய்ந்து, இரண்டு ஓரமும் தூக்கிக்கொண்டு நின்றது. அகலம் 380 மைக்ரோன் என்று எழுதியிருந்தார்கள். அதாவது ஒரு மில்லிமீற்றரில் பாதிகூட இல்லை. மெஷினுக்குப் போடுகிற 14 நம்பர் ஊசியின் தண்டு 0.9 மில்லிமீற்றர். அந்த ஊசி குத்துகிற துளையில் பாதிகூட வராத ஒரு ஓட்டை என் பேத்தியின் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

ஏன் வந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மைத்துனி 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தை நான் எட்டிப் பார்த்ததுதான் என்றாள். மகன் தையல் என்றான். மகள் போன் என்றாள். சூரியனை வெறுங்கண்ணால் பார்த்தால் மஞ்சட்பொட்டு வெந்துபோகும் என்பது உண்மைதான், ஆனால் அது ஓரிரு நாளுக்குள்ளேயே தெரியும், எனக்கு நடந்தது அதில்லை என்றார் வைத்தியர். அவர் விளங்கப்படுத்தியதை என் பாஷையில் எழுதுகிறேன். கண்ணுக்குள்ளே நுங்கு மாதிரி ஒரு களி நிறைந்திருக்கிறது. பேத்தியின் புத்தகத்தில் அதற்குக் கண்ணாடியுடனீர் என்று பெயர். நாலு மில்லிலீற்றர் அளவு, கிட்டத்தட்ட முழுவதும் வெறும் தண்ணீர்தான். வயது போகப்போக அது சுருங்கி, பின்னால் ஒட்டியிருக்கும் விழித்திரையை விட்டு மெல்லக் கழரும். பெரும்பாலானோருக்குச் சுகமாகக் கழன்றுவிடும். சிலருக்கு நடுவில் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு இழுக்கும். இழுத்த இடம் கிழியும். 60 வயதுக்கு மேல்தான் கூட, அதிலும் பெண்களுக்குக் கூட. ஆனால் கிரிக்கெட் பந்து கண்ணில் பட்ட பெடியன்களுக்கும் வருமாம். மைனஸ் நம்பர் கூடின கண்ணாடி போடுகிறவர்களும் கவனமாக இருக்கவேண்டும். தையலுக்கும் போனுக்கும் சம்பந்தம் இல்லை. மகளுக்கு அதைச் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பக்கத்து வீட்டு அக்கா பொன்னாங்காணி கொண்டுவந்து தந்தார், நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைக்கச் சொன்னார். பொன்னாங்காணியைத் தேங்காய்ப்பூ போட்டு வறுத்துச் சாப்பிட்டேன், ருசியாக இருந்தது. பூவை வைக்கவில்லை. கிழிந்த இடத்தை இலையும் பூவும் மூட்டாது. சொட்டு மருந்தும் மூட்டாது, புதுக் கண்ணாடியும் மூட்டாது. இன்னொருவர், "எங்கட நாட்டில கண்ணுக்கா பஞ்சம், வேற கண் மாத்தலாமே" என்றார். 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண் தானச் சங்கத்தால் இலங்கைக் கண்கள் உலகமெல்லாம் போவது பெருமைதான். ஆனால் மாற்றுவது கண்ணின் முன்பக்கக் கண்ணாடி போன்ற கருவிழித் தோலை மட்டும். விழித்திரையை மாற்ற இன்றுவரை வழியில்லை. இருக்கிறதைத்தான் சரிக்கட்ட வேண்டும். ஓட்டை தொடங்குகிற நிலையிலேயே பிடிபட்டால் சிலருக்குக் களி தானாகக் கழன்று சரியாகிவிடுமாம். எனக்கு அந்தக் கட்டம் முகாமில் கண்ணாடிக்கு அளவெடுத்த காலத்திலேயே கடந்து போயிருக்கும்.

சத்திரசிகிச்சை கொழும்பில், 2024 ஜூலை முடிவில். மயக்கவில்லை, கண்ணுக்குப் பக்கத்தில் விறைக்க ஊசி போட்டார்கள். அதுதான் நொந்தது, அதுவும் ஒரு நுளம்புக்கு மேல் இரண்டு நுளம்பு கடித்த மாதிரி. வெள்ளை விழியில் மூன்று சின்னத் துளை போடுகிறார்கள். ஒரு ஓட்டையை அடைக்க மூன்று ஓட்டையா என்று நான் கேட்டதற்குத் தாதி பிள்ளை சிரித்துவிட்டா. ஒன்றால் தண்ணீர் போகும், ஒன்றால் வெளிச்சம், மற்றதால் வெட்டுகிற கருவி. முதலில் அந்தக் களியை வெட்டி உறிஞ்சி எடுப்பார்கள். அடுத்ததுதான் நுணுக்கமான வேலை. விழித்திரைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு மென்சவ்வு இருக்கிறது, அதை நீலச் சாயம் விட்டுத் தெரியப்பண்ணி, ஓட்டையைச் சுற்றி உரித்து எடுப்பார்கள். ஏன் உரிக்கவேண்டும் என்று மற்றவர்களுக்கு விளங்கவில்லை, எனக்கு உடனே விளங்கியது. கொலருக்கு உள்ளே வைத்த கன்வஸ் முதல் தோய்ச்சலில் சுருங்கினால் மேல் துணி இழுபட்டுக் கொப்பளிக்கும். கன்வஸைப் பிரித்து எடுத்துவிட்டால் துணி தளர்ந்து தன் இடத்துக்கு வரும். அதே கதை. தளர்ந்த ஓரங்கள் ஒன்றோடொன்று சேரும்வரை அழுத்திப் பிடிக்க ஏதாவது வேண்டுமே? அதற்குத்தான் கடைசியில் கண் நிறைய வாயு அடைக்கிறார்கள். எனக்கு அடைத்தது சல்பர் ஹெக்ஸாபுளோரைட்டு. இரண்டு மூன்று கிழமையில் அது தானாகக் கரைந்து போகும். இன்னும் நீண்ட நாள் நிற்கிற வேறு வாயுவும் இருக்கிறது.

வாயு மேலேதான் மிதக்கும். ஓட்டை இருப்பது கண்ணின் பின்சுவரில். பின்சுவர் மேலே வரவேண்டுமானால் முகம் நிலத்தைப் பார்க்கவேண்டும். இவ்வளவுதான் அந்தக் குப்புற இருக்கிற கதையின் விளக்கம். இதை விளங்காமல் "ஏன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறாய், நிமிர்" என்று சொன்ன சொந்தக்காரர் எத்தனை பேர்! எனக்கு ஏழு நாள் சொன்னார்கள். ஒரு மணித்தியாலத்தில் 50 நிமிடம் குனிந்தபடி, 10 நிமிடம் எழும்பி நடக்க, சாப்பிட, மருந்து விட. நித்திரையிலும் மல்லாக்கக் கூடாது. ஓட்டையின் பருமனைப் பார்த்து வைத்தியருக்கு வைத்தியர் நாள் கூடும் குறையும், சிலருக்கு இரண்டு மூன்று நாளோடு முடியும். அவரவர் வைத்தியர் சொன்னதைக் கேளுங்கள், என் ஏழு நாளைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

அந்த ஏழு நாளும் வெள்ளவத்தையில் தங்கச்சியின் மாடி வீட்டில். என் உலகம் நாலு தரைக்கல். ஒன்றின் மூலையில் கீறல், இன்னொன்றில் யாரோ எப்போதோ சிந்திய நகப்பூச்சு. வந்தவர்களைக் காலைப் பார்த்தே கண்டுபிடித்தேன். மருமகனின் பெருவிரல் நகம் கறுத்திருந்தது, வெட்கப்படுவார் என்று சொல்லவில்லை. முதல் நாள் இமை வீங்கிவிட்டது, மூக்கால் தண்ணீர் ஓடியது, பிடரி கல் மாதிரி இறுகியது. புட்டு சாப்பிட முடியாது, உதிர்ந்து போகும். சோற்றை உருட்டித் தந்தார்கள். பிளேன்ரீயை ஸ்ரோ வைத்துக் குடித்தேன். தங்கச்சி நிலத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் போட்டாள், அதற்குள் வந்திருக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்கலாம். பேத்தி வீடியோவில் வந்தால் போனையும் நிலத்தில் வைத்துவிடுவாள். ஆடி அமாவாசையும் அந்தக் கிழமைக்குள் வந்தது. அப்பா போனதிலிருந்து ஒரு வருடமும் நான் கடல் தீர்த்தத்துக்குப் போகாமல் விட்டதில்லை. அன்று குப்புற இருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டேன். எப்படியும் குனிந்துதானே கும்பிடுகிறோம் என்று தங்கச்சி சொன்னாள்.

திரும்பி வரும்போது வான் பிடித்தோம். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை என்று இடங்களின் பெயரை மகன் சொல்லச் சொல்ல, நான் முன் சீற்றின் முதுகில் நெற்றியை வைத்தபடி 260 கிலோமீற்றர். ஹபரணை தாண்டியதும் "அம்மா யானை, அம்மா யானை" என்று எல்லாரும் கத்தினார்கள். நான் பார்த்தது என் செருப்பை.

குமிழியைப் பற்றி யாரும் எனக்கு முதலே சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். முதல் கிழமை அந்தக் கண்ணால் வெளிச்சமும் கை அசைவும் மட்டும்தான் தெரியும். பார்வை போய்விட்டது என்று அழவேண்டாம், வாயு வழியாகப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். பிறகு மேல்பக்கத்தில் ஒரு தெளிவான கீற்று வரும். அதற்குக் கீழே ஒரு கோடு, தலையை ஆட்டினால் அதுவும் தளம்பும். மேசன்மார் வைத்திருக்கிற ரசமட்டத்தைக் கண்ணுக்குள் வைத்த மாதிரி. நாளுக்கு நாள் கோடு கீழே இறங்கும், மேலே உலகம் கூடும். கடைசியில் அது வட்டமாகி, பயறளவாகி, ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது பார்த்தால் இல்லை. எனக்கு அது போனது இருபத்து மூன்றாம் நாள்.

அந்தக் குமிழி கண்ணில் இருக்கும்வரை விமானத்தில் ஏறக்கூடாது, மலைநாட்டுக்கும் போகக்கூடாது. உயரம் போகப்போக வெளியே காற்றழுத்தம் குறையும், கண்ணுக்குள் அடைபட்ட வாயு விரியும், பார்வையே போய்விடலாம். ஆவணி பிறந்ததும் நுவரெலியாவில் எங்களுக்கு நெருங்கிய ஒரு கல்யாணம் இருந்தது. 1,868 மீற்றர் உயரம். நான் போகவில்லை. "கண்ணில ஒரு துளி காத்து இருக்காம், அதுக்கு வரமாட்டாவாம்" என்று மாப்பிள்ளை வீட்டார் இன்றுவரை ஒரு கதை கதைக்கிறார்கள். கதைக்கட்டும். பல்லுக்கோ வேறு எதற்கோ மயக்க மருந்து கொடுக்கப்போனாலும் கண்ணில் வாயு இருக்கிறது என்று சொல்லவேண்டும், மயக்கத்துக்குப் பாவிக்கிற ஒரு வாயு அதோடு சேர்ந்தால் குமிழி வீங்கிவிடும். இதற்காகவே என் கையில் ஒரு பட்டி கட்டியிருந்தார்கள். கண் கடுமையாக நொந்தாலோ, சிவந்து பார்வை குறைந்துகொண்டு போனாலோ, ஓரத்தில் திரை இறங்குவது போல இருந்தாலோ அடுத்த கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் அன்றே போகவேண்டும்.

ஓட்டை மூடியது. பத்தில் ஒன்பது பேருக்கு மூடும் என்று சொல்லியிருந்தார்கள், நான் ஒன்பதில் ஒருத்தி. ஆனால் மூடினதும் பழைய கண் வந்துவிடும் என்று நினைத்தது என் மடமை. முதல் 6/60 இருந்த பார்வை மூன்றாம் மாதம் 6/18 ஆனது (கீழ் எண் குறையக் குறையப் பார்வை நல்லது என்று அர்த்தம்). களியை எடுத்த கண்ணில் கற்றரக் விறுவிறு என்று வளரும் என்று முதலே சொன்னார்கள், வளர்ந்தது. போன வருடம் அதையும் வெட்டி வில்லை வைத்தபிறகு 6/12. கட்டம் போட்ட சாரத்தில் இப்போதும் நடுவில் ஒரு சின்ன இடுக்கு, இஸ்திரி போட்டும் போகாத மடிப்பு மாதிரி. ஊசிக் காது தெரிகிறது. அதைவிட எனக்கு என்ன வேண்டும்?

என் அம்மாவுக்கும் இதே வந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். 1980களில் அவ கதைக்கிறவரின் முகத்தைப் பார்க்காமல் காதுப் பக்கமாகப் பார்த்துக் கதைப்பா. "நரம்பு செத்துப்போச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா தலையைச் சரித்துப் பார்ப்பதை நாங்கள் கொஞ்சம் பெருமை பிடித்தவ என்று பகிடி பண்ணியிருக்கிறோம். அந்தக் காலத்தில் கண்டுபிடித்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அமெரிக்காவில் கெல்லி, வெண்டல் என்ற இரண்டு வைத்தியர்கள் 52 கண்களில் இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்து, 30 கண்களில் ஓட்டை மூடியதை வெளியிட்டதே 1991இல்தான் என்று பேத்தி தேடிச் சொன்னாள். இன்றைக்கு வழி இருக்கிறது. காலம் தாழ்த்தினால் பலன் குறையும், மாதக்கணக்கில் திறந்து கிடந்த ஓட்டை மூடினாலும் பார்வை அவ்வளவாகத் திரும்பாது.

இதோடு போட்டுக் குழப்பக்கூடாத இன்னொரு ஓட்டையும் உண்டு. திருக்கடலூரில் மீன்பிடிக்கிற எங்கள் உறவுக்காரர் ஒருவருக்கு ஒரு நாள் இரவு கண் ஓரத்தில் மின்னல் வெட்டினது. வானத்தில் மின்னல் இல்லை. விடியக் கரித்தூள் கொட்டின மாதிரிப் புள்ளிகள் மிதந்தன. என் கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருந்தவர் என்பதால் அன்றே கிளினிக்குக்குப் போனார். விழித்திரையின் ஓரத்தில் கிழிசல். அவருக்கு வெட்டவும் இல்லை, வாயுவும் இல்லை, கதிரையில் இருத்தி வைத்தே லேசரால் கிழிசலைச் சுற்றிச் சின்னச் சின்னச் சூடு போட்டார்கள். சூடு போட்ட இடம் தழும்பாகி ஒட்டிக்கொள்ளும், கிழிசல் மேலே ஓடாது. நாங்கள் கிழிசலின் ஓரத்துக்கு ஓவர்லொக் அடிக்கிற மாதிரி. விட்டிருந்தால் அந்தத் துளையால் தண்ணீர் புகுந்து விழித்திரை முழுவதும் கழன்றிருக்கும். அப்போது பெரிய சத்திரசிகிச்சை. வைத்தியரிடம் போக என் நடு ஓட்டைக்குக் கிழமைக்கணக்கு, அவருடைய ஓர ஓட்டைக்கு மணிக்கணக்கு.

இனித் தலையணை. குப்புற இருக்கிறவருக்கு அதற்கென்று செய்த கதிரை வெளிநாட்டில் வாடகைக்குக் கிடைக்குமாம். நமக்குத் தையல் இருக்கிறது. குதிரை லாடத்தின் வடிவில் வெட்டுங்கள். வெளி அகலம் 12 அங்குலம், நீளம் 13 அங்குலம். நடுவில் விடுகிற வெளி 5 அங்குலம், அது நாடிப் பக்கமாகத் திறந்திருக்கட்டும், மூச்சும் மூக்குத் தண்ணீரும் போக வழி வேண்டும். உயரம் 4 அங்குலம். தையலுக்கு அரை அங்குலம் கூட விடுங்கள். இலவம்பஞ்சைக் குத்தி இறுக்கி அடைக்கவேண்டும், தளர்ந்தால் முகம் அமிழும். பாரம் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் நிற்கவேண்டும், வெட்டின கண்ணில் துணிகூடப் படக்கூடாது. பழைய பருத்திச் சாரத்தில் இரண்டு உறை, நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி, தெறி வேண்டாம், குத்தும். மேசையின் ஓரத்தில் இரண்டு பக்கமும் செங்கல்லை வைத்து அதன்மேல் தலையணை, முன்னால் கதிரை. படுக்கையில் என்றால் மெத்தையின் தலைப்பக்கத்தில் வைத்து நாடியை விளிம்புக்கு வெளியே விடுங்கள். நான் இதுவரை ஆறு தைத்துக் கொடுத்திருக்கிறேன். கிண்ணியாவுக்குப் போன ஒன்று அங்கிருந்து மூதூருக்குப் போய், தோய்த்து மடித்து என்னிடமே திரும்பி வந்தது.

பத்தில் ஒருவருக்கு மற்றக் கண்ணிலும் இந்த ஓட்டை வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் குறுக்கெழுத்து. கிளினிக்கில் இதற்கென்று தருகிற தாளில் 10 சென்ரிமீற்றர் சதுரத்துக்குள் அரைச் சென்ரிமீற்றர்க் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. என் தாளை அலுமாரியில் வைத்தேன், அங்கேயே இருக்கிறது. பத்திரிகை மட்டும் தவறாமல் வாசலுக்கு வருகிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். குறுக்கெழுத்துக் கட்டத்துக்குக் கீழே, விடைகள் அடுத்த வாரம் என்று போடுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு வரி போடுங்கள்: "கண்ணாடி போட்டபடி ஒரு அடி தூரத்தில் பிடித்து, ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பாருங்கள். கோடு வளைந்தாலும் நடுவில் கட்டம் மறைந்தாலும் கண் வைத்தியரிடம் போங்கள்." முகாம் நடத்துகிறவர்களும் இதை வாசித்தால், மற்றக் கண்ணைப் பார்க்கும்போது எழுத்துப் பலகையை மாற்றச் சொல்லுங்கள். என்னைப் போல மனப்பாடம் பண்ணுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர்.

இங்ஙனம்,
தையற்காரி ஒருத்தி,
திருகோணமலை.